லாரி வாட்டர் சர்வீஸ் கழிவுநீரில் எண்ணெய் பிரிப்பது எப்படி?

சேலத்து லாரிப் பட்டறைகளில் கழுவிய நீரைச் சாக்கடையில் விட்டால் அது கடைசியில் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டும் முன், அந்த நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். எண்ணெய் மேலே மிதந்து அடியில் தெளிந்தால் தொட்டியே போதும். பால்போல் வெளுத்து நின்றால் சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்திருக்கிறது. துளியின் விட்டம் பாதியானால் மேலேறும் வேகம் கால்பங்காகும்: 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும், 15 மைக்ரான் துளி ஒரு மில்லிமீட்டர்தான். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளிலும் இதே கவலைதான். எண்ணெய் பிரியும் வரை நீரைப் பம்பில் அடிபடாமல் முடிந்தவரை காக்கிறார்கள். நீங்களும் மோட்டார் வைத்து இறைக்காமல், தரைக்கு வாட்டம் கொடுத்துத் தானாக ஓடவிடுங்கள். கிரீஸை முதலில் சுரண்டி, மரத்தூளால் ஒற்றி எடுத்த பிறகே தண்ணீர் அடியுங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தீரும்.

மணிக்கு 2,000 லிட்டர் வரும் இடத்தில் எண்ணெய் அறைக்கு 4 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் நீர் ஆழமும் வேண்டும். குழியை ஆழமாக்குவதால் பெரிய பலனில்லை, பரப்புதான் முக்கியம். முன்னால் மண் படியத் தனி அறை. வெளியேறும் குழாயில் T வடிவ இணைப்பான ‘டீ’ பொருத்தி, கீழ்வாயை நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் அடியில் இறக்குங்கள். மேல்வாய் திறந்தே இருக்கட்டும். அடைத்தால் குழாய் தொட்டியிலுள்ள நீரையே உறிஞ்சி இழுத்துவிடும். முதலில் நல்ல தண்ணீரால் தொட்டியை நிரப்புங்கள், இல்லையென்றால் முதல் எண்ணெய் டீக்குள் ஏறி வெளியே போகும். மழைநீர் உள்ளே வரவே கூடாது. ஐப்பசி மழை ஒன்று போதும், சேர்ந்த எண்ணெயையெல்லாம் அடித்துக்கொண்டு போக.

பால்போன்ற நீருக்குப் படிகாரம். லிட்டருக்கு 10 கிராம் கரைத்த கரைசலில் 10 மில்லி, ஒரு லிட்டர் கழிவுநீருக்கு 100 மில்லிகிராம் தரும். பாட்டில்களில் 100 முதல் 500 மில்லிகிராம் வரை பார்த்து, தெளியவைக்கும் குறைந்த அளவை எடுங்கள். பிஹெச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6-க்குக் கீழே போனால் கொஞ்சம் சுண்ணாம்பு.

வழித்தெடுத்த எண்ணெயை மூடிய பேரலில், 90 நாளுக்கு மேல் வைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுங்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். எண்ணெய் கலந்த சேறும் அபாயக் கழிவுதான், குப்பைவண்டியில் ஏற்றக் கூடாது.