ரோமில் விமானம் கிளம்பவில்லையா? கவுண்டரில் என்ன கேட்பது, எதை வாங்கி வைப்பது

2024 அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரோம் போயிருந்தேன். கைப்பெட்டி மட்டும், தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எழுதிவைத்த கணக்கு. கடைசி இரண்டு நாளில் அந்தக் கணக்கு இரண்டு முறை கவிழ்ந்தது. முதலில் ஒரு வேலைநிறுத்தம், அடுத்த நாள் இரவு விமானத் தாமதம். விசா எடுப்பது, டிக்கெட் தேடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். தாமதம் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

படி 1: "ஷோப்பெரோ" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்

இத்தாலிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கு இதுதான் பெயர். பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். ஒரு நல்ல விஷயம், அங்கே திடீரென்று வண்டியை நிறுத்திவிட முடியாது. 1990-இல் வந்த 146-ஆம் எண் சட்டப்படி, ரயில், பேருந்து போன்ற சேவைகளில் குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், நாளின் குறிப்பிட்ட சில மணி நேரங்களில் வண்டி ஓடியே ஆக வேண்டும். போக்குவரத்து அமைச்சகம் தன் தளத்தில் வேலைநிறுத்தப் பட்டியலே வெளியிடுகிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதைத் திறந்து, உங்கள் தேதிகளைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒன்றரை யூரோ டிக்கெட்டில் (மெட்ரோவுக்கு வாங்கும் அதே நூறு நிமிட டிக்கெட்தான்) பிரமிதே மெட்ரோவுக்குப் பக்கத்து நிலையத்தில் வண்டி ஏறி ஓஸ்தியா ஆந்திகா போய்விட்டோம். பழைய ரோமானியத் துறைமுக ஊர். கூட்டமில்லை, அம்மா அங்கிருந்த உணவுக்கடையின் கல் மேடையைத் தடவிப் பார்த்து, "நம்ம ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரியே இருக்குடா" என்றார். மதியம் இரண்டரைக்குத் திரும்பி வந்தால் நிலையத்தில் ஈ காக்கை இல்லை. ரோம் நகர வண்டிகளுக்கு வேலைநிறுத்த நாளில் காலை எட்டரை வரையும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும்தான் உத்தரவாதம். இடையில் ஓடினால் அதிர்ஷ்டம். நாங்கள் ஐந்து மணி வரை ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

வட்டார ரயில்களுக்கு இந்த நேரம் வேறு: வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். போகும்போது காலை உத்தரவாத நேரம், வரும்போது மாலை உத்தரவாத நேரம் என்று திட்டமிட்டால் வேலைநிறுத்த நாளிலும் ஊர் சுற்றலாம்.

படி 2: விமான நிலையத்துக்கு எப்போது, எப்படி

ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்குத் தெர்மினியிலிருந்து நேராகப் போகும் லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிடம். ஓஸ்தியென்சே, திராஸ்தேவெரே, திபுர்தினா நிலையங்கள் வழியாக வரும் வட்டார ரயில் 8 யூரோ. பேருந்து இன்னும் மலிவு. என் கட்சி வட்டார ரயில். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு யூரோ மிச்சம், ஆயிரம் ரூபாய்க்கு மேல். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் சொருகி முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம், "தெரியாது சார்" எடுபடாது.

கிளம்பும் முன் ஃப்ளைட்ரேடார்24 செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, இப்போது அந்த விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் செயலி "சரியான நேரம்" என்று சாதித்துக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் ஏற வேண்டிய விமானம் இன்னும் வேறொரு நாட்டில் நின்றுகொண்டிருப்பது இதில் தெரிந்துவிடும். தாமத அறிவிப்புகளை நான் இதற்கு அப்புறம்தான் நம்புவேன்.

படி 3: கவுண்டரில் எதைக் கேட்பது (நான் சறுக்கிய இடம்)

எங்கள் விமானம் இரவு 9:40-க்கு. வளைகுடா வழியாகச் சென்னை, ஒரே டிக்கெட். எட்டு மணிக்கு இடியும் மழையும் ஆரம்பித்தது. பலகையில் "ரிதார்தோ" என்று வந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா அந்த எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏன்டா, விமானமும் ரிட்டையர்டு ஆயிடுச்சா?" என்றார். தாமதம் என்று பொருள். பதினொன்று ஆனது, பன்னிரண்டரை ஆனது, கடைசியில் மறுநாள் காலை 11 மணி என்று வந்து நின்றது.

நான் நேராகக் கவுண்டருக்குப் போய், நஷ்டஈடு உண்டா என்று கேட்டேன். "மழை, அதனால் கிடையாது" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவுக்குப் பெஞ்சில் சால்வையை விரித்துக் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. என் காசில் சாண்ட்விச்சும் பழமும் வாங்கி வந்தேன்.

ஒரு மணி இருக்கும். பக்கத்தில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மலையாளி நர்ஸ் ஒருவர், ரோமில் பல வருடமாக வேலை பார்ப்பவர், அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நஷ்டஈடு கேக்காதீங்க தம்பி. ஹோட்டலும் சாப்பாடும் கேளுங்க. அது வேற, இது வேற."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறையில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன, மூன்றையும் ஒரே பெயரில் கேட்டால் ஒரே பதிலில் மூன்றும் போய்விடும்.

முதலாவது, பராமரிப்பு. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற சாப்பாடு, தண்ணீர். இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல், அங்கே போய்வர வண்டி. 1500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலிருந்தும், நடுத்தர தூரத்துக்கு 3 மணியிலிருந்தும், ஐரோப்பாவுக்கு வெளியே 3500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 4 மணியிலிருந்தும் இது தொடங்கும். காரணம் மழையோ எரிமலையோ, இது கட்டாயம். எரிமலை என்று சும்மா சொல்லவில்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பா முழுவதும் விமானங்கள் நின்றபோது எழுந்த வழக்கில், அப்போதும் பராமரிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்புச் சொன்னது. (இரண்டு தொலைபேசி அழைப்பு, டெலெக்ஸ், ஃபேக்ஸ் அல்லது மின்னஞ்சலும் இலவசமாம். டெலெக்ஸ் என்றதும் அம்மா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்.)

இரண்டாவது, பயணம் அல்லது பணம். விமானம் ரத்தானால் வேறு விமானமா, டிக்கெட் பணமா என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

மூன்றாவதுதான் நஷ்டஈடு. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. போய்ச்சேரும் நேரம் 3 மணியோ அதற்கு மேலோ தாமதமானால் இது பொருந்தும். கடும் வானிலை, விமானக் கட்டுப்பாட்டு அறைக்காரர்களின் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்குக் கிடைக்காது. சாதாரண இயந்திரக் கோளாறு என்றால் பெரும்பாலும் கிடைக்கும். எனவே காரணம் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இது உண்டா? உண்டு. குடியுரிமை கணக்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் பொருந்தும். சென்னையிலிருந்து போகும்போது மட்டும், ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனமாக இருக்க வேண்டும்.

மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். "நஷ்டஈடு வேண்டாம். 261-இல் சொல்லியிருக்கும் பராமரிப்பு, இரண்டு பேருக்கு ஹோட்டல், சாப்பாடு, வண்டி" என்றேன். அதே ஆள், முகம் மாறாமல், மேசைக்கடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்தார். இரண்டு மணிக்கு அம்மா மெத்தையில் படுத்துவிட்டார்.

படி 4: விசா நாட்களை எண்ணுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. ஷெங்கன் விசாவில் (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) செல்லுபடியாகும் தேதிகள் ஒன்று, தங்கும் நாட்களின் எண்ணிக்கை இன்னொன்று. தேதியில் இரண்டு வாரம் மிச்சமிருந்தாலும் நாட்கள் தீர்ந்திருக்கலாம். நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். எங்களுக்கு அந்த இரவோடு நாட்கள் முடிந்தன.

கூடவே, நாங்கள் வெளியேறும் முத்திரை வாங்கி உள்ளே போயிருந்தோம். ஹோட்டலுக்குப் போக வேண்டுமானால் எல்லைக் காவலரிடம் திரும்பிப் போய் அந்த முத்திரையை ரத்து செய்ய வைக்க வேண்டியிருந்தது. ஒற்றை நுழைவு விசாக்காரர்கள் தாங்களாக வழி தேடி வெளியே போகாமல், நிறுவன ஊழியரோடு சேர்ந்தே போங்கள். விமானம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது என்று நிறுவனத்தின் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காவலர் நாட்களை விரல் விட்டு எண்ணினார், அந்தத் தாளைப் படித்தார், பாஸ்போர்ட்டுக்குள் மடித்துவைத்துத் திருப்பித் தந்தார். பல நாள் சிக்கிக்கொண்டால் இது போதாது. கைமீறிய காரணத்துக்கு விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டிக்க ஷெங்கன் விதியில் இடமுண்டு. இத்தாலியில் அதற்குப் போக வேண்டிய இடம் குவெஸ்தூரா என்னும் காவல் தலைமை அலுவலகம். நாட்கள் தீரும் முன்பே போக வேண்டும்.

அடுத்த முறை விண்ணப்பத்தில் இரண்டு நாள் கூட்டித்தான் கேட்பேன்.

படி 5: ரசீது

கடையில் தரும் துண்டுச் சீட்டுக்கு ஸ்கொந்த்ரீனோ என்று பெயர். வாங்கியவுடன் போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் மை நிற்காது. நான் முதல் சில மணி நேரத்தில் 31 யூரோ செலவழித்தேன், 19 யூரோவுக்குத்தான் ரசீது இருந்தது. ஊருக்கு வந்து நிறுவனத்தின் படிவத்தில் போட்டேன். இரண்டு மாதத்தில் சரியாக 19 யூரோ வந்தது. போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் நிறுவனத்திடமே நேராகக் கேளுங்கள். மறுத்தால், இத்தாலியில் கிளம்பிய விமானத்துக்கு எனாக் என்ற விமானத் துறை அமைப்பிடம் புகார் செய்யலாம். வாங்கித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகுத் தளங்கள் எனக்குப் பிடிக்காது. ஒரு படிவம் நிரப்புவதற்குக் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

காத்திருக்கும்போது செலவைக் குறைக்க

ரோம் தெருக்களில் நசோனே என்ற இரும்புக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, குடிநீர்தான், பாட்டில் வாங்காதீர்கள். காபியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. எடை போட்டு வெட்டித் தரும் பிட்சா வயிற்றுக்கும் பைக்கும் நல்லது, உருளைக்கிழங்கு போட்டது சைவம். சுப்ளி என்ற சோற்று உருண்டையைச் சைவக்காரர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இறைச்சிக் குழம்பு இருக்கும்.

பிற்சேர்க்கை 1: தனித்தனி டிக்கெட் வாங்கியவர் ஒருவர் கேட்டிருந்தார். மலிவு விமானத்தில் ரோம் வந்து, அங்கிருந்து வேறு டிக்கெட்டில் சென்னை என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. இடையில் ஓர் இரவு விடுங்கள். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் தாமதமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தானாகச் சேராது.

பிற்சேர்க்கை 2: 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வரத் தொடங்கியது. நாட்களைக் கணினியே எண்ணும். எழுதி வாங்கும் தாளை இன்னும் பத்திரமாக வையுங்கள்.

பிற்சேர்க்கை 3: இன்னொருவருக்கு லண்டன் வழியாக மாற்று டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள், டிரான்சிட் விசா இல்லை என்று கடைசியில் ஏற்றவில்லை. மாற்று விமானம் தரும்போது எந்த ஊர் வழியாக என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.