டாஸ் திரையில் நேராக எழுதுவது எப்படி? கியூபேசிக்கில் ஒரு சின்னச் சோதனை

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரல்கள் பலவும் திரையில் ஒரு எழுத்தைக் காட்ட அந்த இயங்குதளத்தின் தயவை எதிர்பார்க்கவில்லை. திரைக்கான நினைவகத்தில் தாங்களே போய் எழுதிவிட்டு வந்தன. அதை நாமும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை டாஸ்பாக்ஸும் (இன்றைய கணினியில் டாஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) கியூபேசிக்கும் (பேசிக் மொழியில் நிரல் எழுதி ஓட்டும் டாஸ் நிரல்) தான். 64 பிட் விண்டோஸில் கியூபேசிக் நேரடியாக ஓடாது. டாஸ் நிரல்களை ஓட்டிய என்டிவிடிஎம் 32 பிட் விண்டோஸோடு நின்றுவிட்டது. விர்ச்சுவல் மெஷினில் முழு டாஸையும் நிறுவச் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது வீண் சுமை. கியூபேசிக் எம்எஸ்-டாஸ் 5 முதல் 6.22 வரை கூடவே வந்தது, பழைய டிஸ்க் இருந்தால் எடுங்கள். (டாஸ் 5-இல் கியூபேசிக் கோப்பை அழித்தால் எடிட் என்ற உரை எழுதும் நிரலும் திறக்காது. இரண்டும் ஒரே நிரல்தான்!)

முதலில் கியூபேசிக் இருக்கும் ஃபோல்டரை டாஸ்பாக்ஸில் சி டிரைவாக மவுன்ட் செய்து, கியூபேசிக்கைத் திறங்கள். பிறகு இதை அடியுங்கள். இங்கே தமிழில் இருக்கிறது, நீங்கள் CLS, DEF SEG, POKE என்று ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

சிஎல்எஸ்
டெஃப் செக் = 47104
போக் 2000, 65
போக் 2001, 31
டெஃப் செக்

எஃப்5 அழுத்துங்கள். திரை நடுவே நீலப் பின்னணியில் வெள்ளை நிறத்தில் ‘ஏ’ தெரியும்.

டெஃப் செக் நினைவகத்தின் எந்தப் பகுதி என்று சொல்கிறது, போக் அங்கே ஓர் இடத்தில் ஒரு எண்ணை எழுதுகிறது. 65 என்பது ‘ஏ’-வின் எண். 47104 என்பது ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) பி800. கலர் கார்டுகளின் எழுத்துத் திரை அங்கே தொடங்குகிறது. பழைய மோனோ (ஒற்றை நிற) கார்டாக இருந்தால் 45056.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த விஷயத்தில்தான். திரையில் 80 பத்தி (நெடுவரிசை), 25 வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட். இரட்டைப்படை முகவரியில் எழுத்து, அடுத்த ஒற்றைப்படை முகவரியில் நிறம். ஆக மொத்தம் 4000 பைட். ‘பி’ வேண்டும் என்று அதன் எண்ணான 66-ஐ 2001-இல் போட்டால் எழுத்து மாறாது. அதே ‘ஏ’ சிவப்புப் பின்னணியில் பச்சையாகிவிடும். பின்னணி எண்ணை 16-ஆல் பெருக்கி எழுத்தின் நிறத்தைக் கூட்டினால் வருவதுதான் நிற எண்: 4 × 16 + 2 = 66.

இடத்தைக் கண்டுபிடிக்க, வரியை 160-ஆல் பெருக்கி, பத்தியின் இரு மடங்கைக் கூட்டுங்கள். இரண்டையும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும். கர்சரை ஓர் இடத்துக்கு நகர்த்தும் கியூபேசிக்கின் லொக்கேட் கட்டளையோ ஒன்றிலிருந்து எண்ணும். இரண்டையும் கலந்தால் எழுத்து ஒரு வரி தள்ளிப் போய் உட்காரும்.

இப்படிப் போடும் எழுத்து மின்னல் வேகத்தில் வரும். ஆனால் திரை தானாக மேலே நகராது, கர்சரும் அசையாது. ஒரு நிரலின் வெளியீட்டை ‘>’ குறியால் கோப்புக்குத் திருப்பினாலும் நேராகத் திரைக்குப் போன எழுத்து அதில் சிக்காது. டாஸிடம் வேலையை ஒப்படைக்கும் அழைப்பான இன்டரப்ட் 21 வழியாக எழுதுபவைதான் சிக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையின் வெளியீடு அழகாகக் கோப்பில் விழுவது அதனால்தான்.

பின்சேர்க்கை: எழுத்து கண்சிமிட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நிற எண் 128-ஐத் தொட்டால் அப்படித்தான், எட்டாவது பிட் சிமிட்டலுக்கானது. 31-க்குப் பதில் 159 போட்டுப் பாருங்கள்.