மைசூர் போகும் கடலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநகரிலிருந்து மைசூருக்கு நேர் ரயில் கிடைத்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து போய் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, பெங்களூரு என்று சுற்றி மறுநாள் காலையில் இறக்கிவிடுகிறது. திருப்பாதிரிப்புலியூருக்கும் துறைமுகம் சந்திப்புக்கும் குழம்பாமல், டிக்கெட்டில் ஏறும் இடம் எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பிடித்து ஓ.டி.க்கு, அதாவது முதுநகருக்கு, ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரண்மனை விளக்கையும் பிருந்தாவன் நீரூற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. அரண்மனையின் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகளும் நின்று பார்க்கும்படி எரிவது ஞாயிறு, அரசு விடுமுறை, தசரா நாட்களில்தான். ஞாயிறு என்றால் ஏழு மணி வாக்கில் தொடங்கி முக்கால் மணி நேரம்தான். பிருந்தாவனில் நீரூற்று ஆடுவதும் இருட்டிய பிறகுதான். நடுவில் இருபது கிலோமீட்டர். நாங்கள் என் அத்தையையும் கூட்டிக்கொண்டு அப்படித்தான் ஓடினோம். அரண்மனை வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது அத்தனை விளக்கும் ஒரே நொடியில் அணைந்தது. ஒரு மாலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இரவுதான் தங்குகிறீர்கள், அதுவும் ஞாயிறு என்றால் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அரண்மனைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடாதீர்கள். பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு ஹென்றி இர்வின் வரைந்து கொடுத்து, 1912-ல் முடிந்த கட்டடம்தான் இது. கல்யாண மண்டபத்தில் ஒரு ஓரமாக நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். வண்ணக் கண்ணாடிக் கூரை முழுக்க மயில்கள். அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்து, கப்பலில் வந்தவை. சுற்றுச் சுவரில் தசரா ஊர்வலத்தை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். யானைப்பாகன், குதிரைக்காரன், வேடிக்கை பார்க்கும் சனம் என்று ஒவ்வொரு முகமும் தனித்தனி. தங்க சிம்மாசனத்தைத் தேடி அலைய வேண்டாம், தசரா சமயத்தில்தான் அதன் பாகங்களைக் கோத்துப் பார்வைக்கு வைப்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெயில் காலத்தில் பெரியவர்களுக்கு சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

பட்டு வாங்கும்போது ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் இறங்காதீர்கள். எங்களையும் அப்படி ஒரு கடையில் இறக்கிவிட்டார்கள். மைசூர் சில்க் என்று சொல்லி வாங்கிய புடவை மூன்றாவது துவைப்பில் சாயம் விட்டது. அசல் வேண்டும் என்றால் கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகக் கடைக்கே போய்விடுங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பதினைந்து கிலோமீட்டர்தானே, வழியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எனக்கு வருத்தம் தரும் தவறு. நம்மவர்களுக்கு அங்கே தனிக் கதை இருக்கிறது. தோட்டத்துக்கு நடுவே திப்பு 1784-ல் கட்டிய தரியா தௌலத் என்ற கோடை அரண்மனையின் சுவரில், காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780-ல் நடந்த சண்டை தீட்டப்பட்டிருக்கிறது. சுற்றி வளைக்கப்பட்ட பல்லக்கில் ஆங்கிலத் தளபதி பெய்லி. மறுபக்கம் திப்பு நிதானமாக ரோஜாப்பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டு திப்புவின் அப்பா ஹைதர் அலியின் படை பரங்கிப்பேட்டையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றது. 1783-ல் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து மைசூர்ப் படை நம் கடலூரில் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தது. இது தெரிந்து அந்தச் சுவரின் முன்னால் நின்றால் காலே நகராது. குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பிருந்தாவனிலும் இதே அவசரம்தான். வாசலில் நுழைந்ததும் நேராக நீரூற்றுக்கு ஓடி இடம் பிடிக்கிறார்கள். அதனால் தோட்டத்துக்கு மேலே நிற்கும் கிருஷ்ணராஜசாகர் அணையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1911-ல் தொடங்கிய வேலை. முழு நீர்மட்டம் 124.80 அடி. ஆடி மாதம் வந்தால் நாம் தினமும் செய்தியில் கேட்கும் அந்த அடிக் கணக்கு இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அணை மேலே ஏற விடமாட்டார்கள், கீழேயிருந்தே பார்க்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே, நாலரை மணிக்குள் போய்விடுங்கள்.

அத்தை பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். அணையைக் காட்டி, "இந்தத் தண்ணிதானாப்பா நம்ம வடவாத்துல வருது?" என்று கேட்டார். இங்கே திறந்தால் மேட்டூர், கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு, கடைசியில் வீராணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாட்டுச் சத்தம் கேட்டு எல்லோரும் நீரூற்றுப் பக்கம் போய்விட்டார்கள். அத்தை மட்டும் வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.