எச்.ஆர்.வி. பெட்டியைத் திறந்து பாருங்கள்

கனடாவின் மார்க்கமில் இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மின்சாரம் மிச்சப்படும் என்று நிலக்கீழறையில் ஓடிக்கொண்டிருந்த எச்.ஆர்.வி.யை நிறுத்திவிட்டேன். வீட்டின் பழைய ஈரக் காற்றை வெளியே தள்ளி, அதன் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் பெட்டி அது. தை மாதம் யன்னலெல்லாம் தண்ணீர் வழிந்தது. அம்மாவின் அறையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். அம்மாவுக்கு இருமல் வேறு. தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள்.

குளியலறையிலிருந்து இழுக்கும் பழைய காற்றும், வெளியிலிருந்து வரும் குளிர் காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் கலக்காமல் போகும். சூடு மட்டும் கைமாறும். வெளியே மைனஸ் 10, உள்ளே 21 பாகை என்று வையுங்கள். நூற்றுக்கு 75 பங்கு சூட்டை மீட்கும் பெட்டி, புதுக் காற்றை 13 பாகையளவில் தரும். 1977இல் றெஜைனாவில் கட்டிய, சூட்டை மிச்சம்பிடிக்கும் முன்மாதிரி வீடான சஸ்காச்சுவான் கொன்சர்வேஷன் வீட்டிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறவுங்கள். இரண்டு பில்டரையும் வக்யூம் செய்யுங்கள். கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். நடுவில் உள்ள, அந்தத் தகடுகள் அடங்கிய கட்டிதான் கோர். எந்தப் பக்கம் மேலே என்று பென்சிலால் குறித்துவிட்டு மெதுவாக இழுங்கள். அலுமினியம், பிளாஸ்டிக் கோர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். உங்களுடையது சூட்டோடு ஈரத்தையும் கைமாற்றும் ஈ.ஆர்.வி. என்றால் கையேட்டைப் பார்க்காமல் தண்ணீர் படவிட வேண்டாம். பெட்டியின் அடித்தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, வடிகுழாயால் இறங்குகிறதா என்று பாருங்கள். குழாயின் வளைவில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும், அதுதான் நாற்றத்தைத் தடுக்கிறது.

அப்புறம் வெளியே போங்கள். பலர் மறப்பது இதைத்தான். யூன் மாதம் பொப்ளர் மரப் பஞ்சு பறக்கும்போது, காற்று உள்ளே வரும் வாயில் உள்ள வலை அடைத்துவிடும். எங்கள் வலையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஒரே தகடாக உரிந்து வந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, ஒரு ரிஷு பேப்பரை அந்த வலையருகே பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று வருகிறது.

அடுப்புக்கு மேலுள்ள ஹூட்டை எச்.ஆர்.வி.யோடு இணைக்கவே கூடாது. தாளிக்கும் எண்ணெய் கோரில் படிந்துவிடும். கடுங்குளிரில் புதுக் காற்று இடையிடையே சில நிமிடம் நின்றால் பயப்படாதீர்கள், உள்ளே கட்டிய பனியை உருக்குகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஈரப்பதத்தை நூற்றுக்கு 35க்கு மேல் விடாதீர்கள். வெளியே மைனஸ் 20 என்றால் 30க்கும் கீழே இறக்குங்கள்.