பொதுநோக்கு மண்டபத்தை முதலில் கணினியில் கட்டுவோம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் கட்டப்படுவது பெரும்பாலும் ஒரு மாடிக் கட்டடம்தான். அதற்கு எதற்கு 'பிம்' (BIM, கட்டடத்தை அதன் விபரங்களோடு கணினியில் கட்டிப் பார்க்கும் முறை) என்று கேட்பீர்கள். ஒப்பந்தகாரர் போன பிறகு தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்று சொல்ல ஆளில்லை. பிளான் யார் வீட்டு அலுமாரியில் என்றும் தெரியாது. அதற்குத்தான். பிம் மாதிரியில் சுவர், கதவு, குழாய் எல்லாம் தத்தம் விபரத்தோடு இருக்கும்.

படி 1: மென்பொருள்
பிம் மென்பொருளான ரெவிட்டுக்குச் (Revit) சந்தா கட்ட வேண்டும். பழகுவதற்கு இலவச மென்பொருளான ஃபிரீகேட் (FreeCAD) போதும். 2024இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து பிம் பகுதி உள்ளேயே இருக்கிறது.

படி 2: மட்டங்கள்
சுவருக்கு அவசரப்படாதீர்கள். நிலமட்டம், தளமட்டம் இரண்டையும் குறியுங்கள். அப்புறம் மூன்றாவதாக வெள்ளமட்டம். 2018 டிசம்பர் வெள்ளம் அந்தக் காணியில் எவ்வளவு உயரம் நின்றது என்று அயலில் கேட்டால் கையை வைத்தே காட்டுவார்கள். அதை அளந்து போடுங்கள். தளமும் பிளக் பொயின்ற்றுகளும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா என்று அத்திவாரம் வெட்டுமுன்பே திரையில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இது ஒன்றுக்காகவே பிம் பழகலாம்.

படி 3: சுவர், கதவு, தளம்
அளவுப் பெட்டியில் 30' என்று அடிக்குறியோடு தட்டினால் மில்லிமீற்றருக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். ஆறங்குலக் கல் என்றால் சுவரின் தடிப்பு 150 மில்லிமீற்றர்.

படி 4: அளவெடுப்பு
30க்கு 20 அடி மண்டபத்தில் நாலங்குலக் கொங்கிறீட் தளம் போட்டால் 5.66 கனமீற்றர் என்று காட்டும். நம்மூர்க் கணக்கில் 200 கன அடி, அதாவது 2 கியூப். இதைப் பார்த்து 2 கியூப் சல்லி மட்டும் ஏற்றச் சொல்லிவிடாதீர்கள்! அது போட்டு முடிந்த கொங்கிறீட்டின் அளவு. உலர்ந்த பொருளாக ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். 1:2:4 கலவைக்கு (சீமெந்து 1, மணல் 2, சல்லி 4) மணல் முக்கால் கியூப்புக்குச் சற்று மேல், சல்லி ஒன்றேமுக்கால் கியூப், மிச்சம் சீமெந்து. சேதாரம் வேறு.

படி 5: விபரம்
கூரைத் தகட்டின் தடிப்பு, பம்பின் குதிரைவலு, பெயின்ற் நிற எண், மாட்டிய திகதி எல்லாவற்றையும் அந்தந்தப் பொருளிலேயே எழுதுங்கள். குழாயைச் சுவருக்குள் மூடுமுன் படமெடுத்து, மாதிரியில் அதன் பாதையைத் திருத்துங்கள்.

படி 6: ஒப்படைப்பு
பிம் மாதிரிகளுக்கான பொதுக் கோப்பு வடிவமான ஐ.எஃப்.சி (IFC) கோப்பாகச் சேமியுங்கள். வேறு மென்பொருளிலும் திறக்கும். ஒரு பிரதி சங்கச் செயலாளருக்கு, இன்னொன்று பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு. பிறகு ஒரு பைப்பை மாற்றினாலும் இரண்டு பிரதியிலும் மாற்ற வேண்டும்.