ஓர் எழுத்து மாற்றத்தைப் பின்தொடர்ந்து மரபணுத்தொகைத் தரவுத்தளங்களைப் பழகுதல்

மரபணுத்தொகைத் தரவுத்தளங்களுக்குள் முதன்முறையாக நுழைகிறவர், திரையை நிறைத்திருக்கும் வண்ணக் கோடுகளைக் கண்டு மலைப்பது இயல்பே. எல்லா வசதிகளையும் ஒரே மூச்சில் அறிய முயல்வதைவிட, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு அதைத் தளம் தளமாகத் தேடிச் செல்வது நல்ல பயிற்சி; திரையில் வருவது சரிதானா என்பதை அப்போது நாமே சோதித்துக்கொள்ளலாம். இங்கே அரிவாள் செல் சோகைக்குக் காரணமான மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்கான ஹெச்பிபி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி எனும் நான்கு எழுத்துகளில் ஒன்று) மாறுவதால், புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் எனும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் எனும் வேறோர் அமினோ அமிலம் வந்துவிடுகிறது. இதை 1957இல் உயிர்வேதியியலாளர் வெர்னன் இங்க்ராம் நிறுவினார்.

படி 1: பதிப்பைத் தேர்ந்தெடுத்தல்

மரபணுத்தொகையைத் திரையில் வரைந்து காட்டும் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் எனும் இணையதளத்தைத் திறந்து, மனித மரபணுத்தொகையின் ஹெச்ஜி38 பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும். இது 2013 டிசம்பரில் வெளியானது. 2009இல் வந்த ஹெச்ஜி19 பதிப்பும் இன்னும் புழக்கத்தில் உள்ளது. நாம் தேடும் எழுத்து, 11ஆம் குரோமோசோமில் ஹெச்ஜி38இன்படி 5,227,002ஆம் இடத்திலும் ஹெச்ஜி19இன்படி 5,248,232ஆம் இடத்திலும் இருக்கிறது. பதிப்பை மாற்றித் தேர்ந்தெடுத்தால் 21,230 எழுத்துகள் தள்ளிப் போய் நிற்போம். தளம் எந்த எச்சரிக்கையும் தராது. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து எண்ணை எடுக்கும்போது, லிஃப்ட்ஓவர் கருவியைக் கொண்டு அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 2: மரபணுவைக் காணுதல்

தேடல் பெட்டியில் மரபணுவின் பெயரை உள்ளிட்டு, 'ஹைட் ஆல்' பொத்தானால் எல்லாத் தடங்களையும் (திரையில் வரும் தகவல் வரிசைகளையும்) மறைத்துவிட்டு, மரபணுக்களின் அமைப்பைக் காட்டும் ஜென்கோட் தடத்தை மட்டும் 'பேக்' நிலையில் வைக்கவும். தடித்த பட்டைகள் புரதமாக மொழிபெயர்க்கப்படும் எக்ஸான் பகுதிகள். அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகள், புரதமாக மொழிபெயர்க்கப்படாத இடைப்பகுதிகளான இன்ட்ரான்கள். ஹெச்பிபியில் மூன்று எக்ஸான்கள் உண்டு. கோட்டின் மீதுள்ள சிறு அம்புகள் இடப்பக்கம் நோக்கியிருப்பதைக் கவனிக்கவும்: இம்மரபணு டிஎன்ஏவின் இரண்டு இழைகளுள், திரையில் எழுத்துகள் காட்டப்படும் இழைக்கு எதிர் இழையில் உள்ளது, ஆகவே வலமிருந்து இடமாகப் படிக்கப்பட வேண்டும்.

படி 3: எழுத்தை நெருங்குதல்

5,226,990 முதல் 5,227,025 வரையிலான பகுதிக்குச் சென்றால் தனித்தனி எழுத்துகள் தெரியும். 5,227,001 முதல் 003 வரை சிடிசி என்று இருக்கும். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். நூல்கள் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது என்கின்றன. திரையிலோ சிடிசி நிற்கிறது. திருப்பிப் படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இணை எழுத்தைப் போட்டால் (ஏவுக்கு டி, சிக்கு ஜி) ஜிஏஜி கிடைத்துவிடும். ஆகவே, மரபணுவின் கணக்கில் ஏ என்பது டி ஆகும் மாற்றம், தரவுத்தளத்தின் கணக்கில் டி என்பது ஏ ஆகும் மாற்றமாகப் பதிவாகிறது, இரண்டும் ஒன்றே. பழைய நூல்கள் இதை 6ஆம் அமினோ அமிலம் என்பதும் புதிய பதிவுகள் 7 என்பதும், நீக்கப்படும் முதல் மெத்தியோனினை எண்ணாததும் எண்ணுவதும் சார்ந்த வேறுபாடு மட்டுமே.

படி 4: மாற்றத்தின் பதிவைத் தேடுதல்

மரபணு மாற்றங்களுக்கு அடையாள எண் தந்து பதிவுசெய்யும் டிபிஎஸ்என்பி தளத்தில் இதன் எண் ஆர்எஸ்334. அந்த எண்ணின் கீழ் ஒரே இடத்தில் நிகழும் வேறு எழுத்து மாற்றங்களும் சேர்ந்தே வரும். எடுத்துக்காட்டாக, டி என்பது ஜி ஆனால் அது ஹீமோகுளோபின் ஜி-மகாசர் எனும் வேறு வகை. எனவே எண்ணை மட்டும் நம்பாமல், எழுத்து மாற்றத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நோயுடனான தொடர்பை அறிய அங்கிருந்து, மாற்றங்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைத் தொகுக்கும் கிளின்வார் தரவுத்தளத்தின் பதிவுக்குச் செல்லலாம்.

படி 5: மக்களிடையே பரவலைப் பார்த்தல்

மற்றொரு மரபணுத்தொகைத் தளமான என்சம்பிளில் இதே எண்ணைத் தேடி, 'பாப்புலேஷன் ஜெனெட்டிக்ஸ்' பக்கத்தைத் திறந்தால், 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரை உள்ளடக்கிய 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவு குழு வாரியாகத் தெரியும். அவற்றுள் எஸ்டியு எனும் குழு, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். ஆனால் ஒரு குழுவின் எண்ணை எல்லாத் தமிழருக்கும் நீட்டிவிடக் கூடாது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (இம்மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் இருக்கும் நிலை) முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952இல். நகரவாசிகளிடம் எடுத்த மாதிரிகள் அவர்களைப் பற்றி எதையும் சொல்லாது. பலரின் மரபணுத் தரவைத் தொகுத்துப் பரவலைத் தரும் நோமேட் தரவுத்தளத்தில் தெற்காசியர் அனைவரும் ஒரே தலைப்பின்கீழ் வருகிறார்கள் என்பதையும் மனத்தில் கொள்க. இப்பக்கங்களில் தரப்படும் விகிதம், சோதிக்கப்பட்ட குரோமோசோம் பிரதிகளில் எத்தனை பங்கு என்பதே தவிர, நோயாளிகளின் விழுக்காடு அன்று.

ஒவ்வொரு தேடலிலும் பதிப்பு, இடம், எழுத்து மாற்றம், பார்த்த தேதி ஆகிய நான்கையும் குறித்து வைக்கவும். இத்தளங்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால், தேதி இல்லாத குறிப்பை மீண்டும் சரிபார்ப்பது கடினம்.