நெடுந்தொலைவு எரிவாயுக் குழாய்: திட்டமிடும் முறை

நெடுந்தொலைவு எரிவாயுக் குழாய்க்குத் திட்டமிடுவோர், வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே வாயுவை வாங்கப்போவது யார், நாளொன்றுக்கு எவ்வளவு என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். குஜராத்தின் ஹசிராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூருக்குச் செல்லும் குழாய், உர ஆலைகளையும் மின் நிலையங்களையும் நம்பியே திட்டமிடப்பட்டது. அதற்காகத்தான் 1984-இல் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயில் உருவானது. குழாயின் விட்டமும், வாயுவை அழுத்தி முன்தள்ளும் கம்ப்ரசர் நிலையங்களின் இடமும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

அடுத்தது வழித்தடம். செயற்கைக்கோள் படத்தில் குறித்த தடத்தைக் கட்டாயம் நடந்து பார்க்க வேண்டும். குழாயின் இருபுறமும் 200 மீட்டர் அகலத்தில், 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு எத்தனை வீடுகள் உள்ளன என்று எண்ணுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். பத்து வீடுகளுக்கு மேற்படாத இடத்தில், எஃகு உருக்குலையத் தொடங்கும் தகைவில் (சுவர் தாங்கும் விசையில்) 72 விழுக்காடு வரை பொதுவாக அனுமதிக்கப்படும். அடுக்குமாடிகள் நிறைந்த பகுதியில் அது 40 ஆகக் குறைவதால் குழாயின் சுவர் தடிக்கும், வால்வுகளின் இடைவெளியும் 32 கிலோமீட்டரிலிருந்து 8 ஆகச் சுருங்கும். இன்றைய தரிசு நாளைய மனைப்பிரிவு ஆகலாம் என்பதால், ஊர் வளரும் திசையையும் கணக்கில் கொள்வது நல்லது.

கடினமான பகுதி நிலம்தான். பெட்ரோலிய, கனிமக் குழாய்களுக்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரியவரிடமே இருக்கும். நிறுவனத்துக்கு உபயோக உரிமை மட்டுமே கிடைக்கும். அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பயிர் முதலியவற்றுக்கான இழப்பீடு போக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு தரப்படும். ஆனால் குழாய் செல்லும் நிலப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. தென்னை வைத்துப் பிழைப்பவருக்கு இந்தத் தொகை எப்படி ஈடாகும்? கொச்சி–பெங்களூரு குழாய்க்குக் கொங்கு மண்டலம் உள்ளிட்ட ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்து, நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்லக் கோரினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016-இல் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. இடையில் போன ஆண்டுகள் திரும்பவில்லை. ஆகவே மாற்றுத் தடங்களை, அறிவிக்கைக்கு முன்பே ஊராரோடு அமர்ந்து பேசித் தீர்ப்பதே சிக்கனம்.

ஆறுகளுக்கு அடியில் கிடைமட்டத் துளையிடல், துரு பிடிக்காதிருக்க மேற்பூச்சும் மின்வழிப் பாதுகாப்பும், நீர் நிரப்பி அழுத்தச் சோதனை ஆகியவை வழக்கமான பொறியியல் வேலைகள். ஆயினும் வாயு குழாய்க்குள் நுழையும் இடத்திலேயே ஈரத்தை நீக்கும் அமைப்புக்கு முதல் மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்கிவிட வேண்டும். 2014-இல் ஆந்திரத்தின் ‘நகரம்’ என்னும் கிராமத்தில் உயிர்களைப் பறித்த வெடிப்புக்கு, ஈரமான வாயு குழாயை உள்ளிருந்து அரித்ததே காரணமாகச் சொல்லப்பட்டது.